காயலான் போர்டில் ஒரு பாடத்திட்டம்

மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில், ஒருமுறை கற்றதை வைத்துக்கொண்டு கடைசிவரை காலம் தள்ளியவர்கள் மிகக் குறைவு. வால்வு ரேடியோவில் கை பழகியவர் டிரான்சிஸ்டர் வந்ததும் மறுபடி மாணவரானார். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபின் பல ரேடியோக் கடைகளின் பெயர்ப்பலகை மாறியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் அதே ஆள்தான். 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. கனத்த மின்மாற்றி இருந்த இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். என்ற ஸ்விட்சிங் மின்வழங்கி வந்து உட்கார்ந்தது. பிறகு கண்ணாடிக் குழாய் டிவிகளே போய் எல்.சி.டி.யும் எல்.இ.டி.யும் வந்தன. இன்று அதே மேசைக்கு பி.எல்.டி.சி. ஃபேன், இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு, மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் என்று வருகின்றன.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. அது அடித்தளம் போட்டுத் தருகிறது. கம்பெனிகள் நடத்தும் பயிற்சி அவரவர் சர்வீஸ் சென்டர் ஆட்களோடு நின்றுவிடுகிறது. தனிக்கடை வைத்திருப்பவருக்கு அடுத்தடுத்து வரும் புதுச் சாதனங்களைச் சொல்லித்தர யாரும் இல்லை. பாடம் எது, எந்த வரிசையில், எதுவரைக்கும், கற்றாயிற்று என்பதற்கு என்ன அடையாளம் என்ற நான்கையும் அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சுயமாகக் கற்கும் திட்டம் என்பது இந்த நான்கு முடிவுகள்தான்.

தினமும் செட் பார்க்கிறோமே, அதுவே படிப்பு இல்லையா என்ற கேள்வி இயல்பாக எழும். கை வேகமும் நோய்க்குறி கண்டதும் மருந்து சொல்லும் பழக்கமும் அன்றாட வேலையில் வருகின்றன. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கஸ்டமரின் செட் ஓடத் தொடங்கிய கணத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. 'டெட்' என்று வந்த போர்டில் உப்பியிருந்த கெப்பாசிட்டரை மாற்றியதும் விளக்கு எரிகிறது. அது ஏன் உப்பியது, அது உப்பினால் ஏன் மற்ற பகுதியும் நின்றது என்று பார்க்க நேரமில்லை. வாசலில் ஆள் நிற்கிறார். அந்த போர்டில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பார்க்கவும் முடியாது, அது அடுத்தவர் சொத்து. இப்படியே இருபது ஆண்டு வேலை பார்த்து, எந்த நோய்க்குறிக்கு எந்த உறுப்பை மாற்றுவது என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் தொழிலில் நிறையப் பேர். சாதனம் மாறும்போது முதலில் திணறுகிறவர்களும் அவர்களே. அதனால் கற்பதற்கான போர்டு வேறாக, கற்பதற்கான நேரம் வேறாக இருந்தாக வேண்டும்.

பெரியவர்கள் தாமாகக் கற்பதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டொரான்டோவில் பணியாற்றிய ஆலன் டஃப். 1971-இல் வெளியான தம் நூலில் அவர் 'கற்றல் திட்டம்' என்பதற்கு ஓர் எல்லை வகுத்தார்: குறிப்பிட்ட அறிவையோ திறனையோ பெறும் நோக்கத்தோடு, மொத்தத்தில் ஏழு மணி நேரமாவது செலவிட்ட முயற்சி. பேட்டி கண்டு பார்த்தபோது அத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவற்றை வகுத்தவர் கற்பவரே என்று தெரிந்தது. ஆசிரியரோ வகுப்போ வகுத்தவை சிறுபான்மை. 1975-இல் அதே துறையைச் சேர்ந்த மால்கம் நோல்ஸ் இதையே ஒரு நடைமுறையாக்கி, கற்பவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்தார். என்ன கற்கப் போகிறோம், எதன் துணையோடு, எந்தத் தேதிக்குள் என்பவற்றோடு, கற்றதற்கு என்ன சான்று, அந்தச் சான்றை எப்படிச் சரிபார்ப்பது என்ற இரண்டு கேள்விகளும் அதில் உண்டு. கடைசி இரண்டும்தான் பொதுவாக விட்டுப்போகின்றன. பழுதுபார்ப்புத் தொழிலுக்கு இதில் ஒரு பெரும் வசதி இருக்கிறது. சான்று மேசைமேலேயே கிடைக்கும். மீட்டர் முள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. திட்டத்தை வகுக்கும்போதே, பொருள் நம்மைத் தவறென்று சொல்வதற்கு வழி வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் முடிவு, கேள்வியின் அளவு. 'எஸ்.எம்.பி.எஸ். கற்றுக்கொள்வது' என்று நோட்டில் எழுதியவர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. '5 வோல்ட் அடாப்டர் ஒன்றில், சுமை ஏறினாலும் இறங்கினாலும் வெளியீடு எப்படி 5 வோல்ட்டிலேயே நிற்கிறது' என்பது ஒரு திட்டத்துக்குச் சரியான அளவு. இதற்கு விடை காண எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முக்கால்வாசியைக் கடந்தே ஆக வேண்டும். ஆனாலும் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. கேள்வி 'எப்படி', 'ஏன்' என்று இருப்பது நல்லது. 'என்னென்ன' என்று தொடங்கினால் அது பட்டியலாகவே முடியும்.

அடுத்தது பொருள். காயலான் கடையிலும், சென்னை ரிட்சி தெரு போன்ற சந்தைகளிலும், கடையின் மூலையில் குவிந்திருக்கும் கைவிடப்பட்ட செட்களிலும் இதற்கு வேண்டியது கிடைக்கும். ஒரே மாதிரி போர்டு மூன்று இருந்தால் வசதி. ஒன்று ஓடுகிற நிலையில் அப்படியே இருக்க வேண்டும், ஒன்றைப் பிரிக்கலாம், ஒன்றைக் கெடுக்கலாம். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது வரும் சிறிய மொபைல் சார்ஜர்கள் பலவற்றில், வெளியீட்டின் செய்தியை மின்சாரம் நுழையும் முதல்புறத்துக்கு ஒளியாகக் கடத்தும் ஆப்டோகப்ளரே கிடையாது. வெளியீட்டைக் கவனிக்கும் வேலையை முதல்புற ஐ.சி.யே செய்துகொள்கிறது. வெளியீட்டிலிருந்து திரும்பிவரும் செய்தியைப் பார்ப்பதுதான் நம் கேள்வி என்பதால், நான்கு கால் கொண்ட பி.சி.817 வகை ஆப்டோவும், பக்கத்தில் டிரான்சிஸ்டர் போலத் தோன்றும் டி.எல்.431-உம் உள்ள போர்டாகத் தேட வேண்டும்.

பாதுகாப்பைப் பின்னால் சொல்லும் பாடப்புத்தக வழக்கம் இந்த வேலைக்குப் பொருந்தாது. 230 வோல்ட் மின்சாரம் நான்கு டயோடுகளைத் தாண்டி உள்ளே போனதும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்னாக நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கச் செய்து இறக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் சில விநாடி வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரில் பார்த்து, அதன்பின் தொடுவதுதான் முறை. இரண்டாவது காவல் சீரிஸ் பல்பு. பழைய இழை பல்பு ஒன்றை, 60 முதல் 100 வாட், போர்டுக்குப் போகும் ஒயரில் தொடராக இணைத்துவிட்டால், ஸ்விட்ச் போட்டதும் மினுக்கென்று எரிந்து தணிகிறதா, முழுதாக எரிந்துகொண்டே இருக்கிறதா என்பதிலேயே பாதி செய்தி தெரிந்துவிடும். முழுதாக எரிந்தால் உள்ளே ஷார்ட். ஆனால் எதுவும் வெடிக்காது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கிடைப்பது அரிதாகி வருவதால், கண்ணில் படும்போது இரண்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இனி வேலை. முதலில் மின்சாரமே கொடுக்காமல் போர்டைப் பார்த்துச் சர்க்யூட் படம் வரைய வேண்டும். இந்த ஒரு பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தவருக்கு மற்றவை தாமாக வழிவிடும் என்று சொல்லலாம். அந்த அளவுக்கு இதில் சாரம் இருக்கிறது. ஒருபக்கப் பிரிண்ட் கொண்ட அடாப்டர் போர்டில் உறுப்புகள் மேலே, செம்புத் தடங்கள் கீழே. போர்டைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கீழ்ப்பக்கத்தை மொபைலில் படம் எடுத்து, அதை இடவலமாகத் திருப்பி, மேற்பக்கப் படத்தின் அருகே வைத்துக்கொண்டால் தடம் எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறது என்று எளிதில் பிடிபடும். சந்தேகம் வந்தால் மீட்டரை பஸ்ஸரில் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம்.

வரைவதைத் தெரிந்த முனைகளிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மின்சாரம் நுழையும் இரண்டு முனைகள், மறுபக்கம் வெளியேறும் இரண்டு முனைகள். நுழையும் பக்கத்தில் ஃபியூஸ் அல்லது ஃபியூஸாக வேலை செய்யும் ரெசிஸ்டர், பிறகு நான்கு டயோடு, பிறகு பெரிய கெப்பாசிட்டர். முதல் தடவை வரையும் படம், உறுப்புகள் போர்டில் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே நிற்கும் ஒரு சிக்கலாக இருக்கும். அதில் வருத்தப்பட ஏதுமில்லை. இரண்டாம் தடவை, மின்சாரம் போகும் வழியில் இடமிருந்து வலமாக அடுக்கி வரைய வேண்டும். மூன்றாம் தடவை, புத்தகங்களில் வரும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்: நான்கு டயோடு சாய்சதுரமாக, தரைக்கோடு அடியில், ஆப்டோ இரண்டு பக்கத்துக்கும் நடுவில். முப்பது உறுப்புகள் உள்ள போர்டுக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். மூன்றாவது படத்தில்தான் போர்டு பேசத் தொடங்குகிறது. அதுவரை உறுப்புகளாகத் தெரிந்தவை இப்போது வேலைகளாகத் தெரிகின்றன. இது நேராக்கும் பகுதி, இது வெட்டும் பகுதி, இது மாற்றும் பகுதி, இது திருப்பிச் சொல்லும் பகுதி.

படம் முடிந்ததும் அளவு எடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வரும் என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். பெரிய கெப்பாசிட்டரில் 325, டி.எல்.431-இன் கவனிப்புக் காலில் 2.5, ஆப்டோவின் உள்விளக்கில் 1.1 அல்லது 1.2, வெளியீட்டில் 5. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம், வெற்றாக விடக் கூடாது. பிறகு அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். எதிர்பார்த்ததும் வந்ததும் ஒத்துப்போகும் வரிகளில் கற்க எதுவும் இல்லை. ஒத்துப்போகாத ஒரு வரிதான் அன்றைய பாடம்.

ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் ஒத்துப்போகாமல் வருவது முதல்புற அளவுகள். கருப்புப் புரோபை வெளியீட்டின் மைனஸில் வைத்துக்கொண்டு பெரிய கெப்பாசிட்டரை அளந்தால் மீட்டர் பொருளற்ற எண்ணைக் காட்டும். இரண்டு பக்கத்துக்கும் தரை வேறு. மின்சாரம் நுழையும் 'ஹாட்' பக்கத்து அளவுக்குக் கருப்புப் புரோப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும். 'கோல்டு' பக்கத்துக்கு வெளியீட்டு மைனஸில். மின்மாற்றியும் ஆப்டோவும் அந்த எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இதைப் புத்தகத்தில் படித்தவர் மறக்கலாம். 325 வர வேண்டிய இடத்தில் வேறெதையோ பார்த்து அரைமணி குழம்பியவர் மறப்பதில்லை.

இப்போது திட்டத்தின் மையக் கேள்விக்கு வரலாம். வெளியீடு ஏன் 5 வோல்ட்? டி.எல்.431-க்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு: தன் கவனிப்புக் காலில் 2.5 வோல்ட் இருக்க வேண்டும். வெளியீட்டிலிருந்து தரைக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கின்றன; நடுப்புள்ளி அந்தக் காலுக்குப் போகிறது. இரண்டும் 10 கிலோ ஓம் என்றால் நடுவில் பாதி வரும்; பாதி 2.5 ஆக இருக்க வேண்டுமென்றால் முழுசு 5. வெளியீடு கொஞ்சம் கூடினால் டி.எல்.431 ஆப்டோவின் விளக்கைப் பிரகாசமாக்குகிறது, அதைப் பார்த்து மறுபக்கத்து ஐ.சி. தான் அனுப்பும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டோம் என்று நினைப்பதற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவே உள்ள தூரத்தை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அளந்து சொல்லிவிடும். அதைக் கீழ் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் இணைத்தால் 10 கிலோ ஓம் 9.09 ஆகக் குறைகிறது. கணக்குப்படி வெளியீடு 5.25 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். நோட்டில் 5.25 என்று எழுதிவிட்டு, போர்டை அணைத்து, ரெசிஸ்டரைச் சால்டர் வைத்து, மறுபடி போட்டுப் பார்க்கும்போது மீட்டர் 5.2-க்கு மேல் காட்டுகிறது. புதியவர்கள் இந்த இடத்தில் முகம் மலர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதற்கு ஈடான பாராட்டை எந்த ஆசிரியராலும் தர முடியாது. முன்கூட்டிச் சொன்னது நடந்திருக்கிறது. அந்த மேசையில் இதுவே பரீட்சை, இதுவே மதிப்பெண்.

அதன்பின் கெடுத்துப் பார்க்கும் கட்டம். இங்கும் கெடுப்பதற்கு முன் என்ன ஆகும் என்று எழுதியாக வேண்டும். கீழ் ரெசிஸ்டரை எடுத்துவிட்டால்? கவனிப்புக் காலுக்கு வெளியீடு முழுதாக வந்து சேரும், டி.எல்.431 வெளியீடு கூடிவிட்டதாக நினைத்துக் குறைக்கச் சொல்லும், வெளியீடு 2.5 பக்கம் சரியும் அல்லது விட்டுவிட்டுத் துடிக்கும். மேல் ரெசிஸ்டரை எடுத்தால்? கவனிப்புக் காலில் ஒன்றுமே இராது, குறைக்கச் சொல்ல ஆள் இல்லை, வெளியீடு ஏறிக்கொண்டே போய் கெப்பாசிட்டரை வெடிக்க வைக்கலாம். ஆகவே முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதைச் செய்யக் கூடாது. எதைச் செய்யக் கூடாது என்று செய்யாமலே சொல்ல முடிவதும் கற்றதற்கான சான்றே. ஐ.சி.க்கு உணவூட்டும் சிறு கெப்பாசிட்டருக்குப் பதில் காயலான் போர்டிலிருந்து எடுத்த காய்ந்துபோன ஒன்றைப் போட்டுப் பார்த்தால், போர்டு 'டிக் டிக்' என்று தொடங்கித் தொடங்கி நிற்கும். கஸ்டமர் செட்களில் எத்தனையோ தடவை கேட்ட அந்தச் சத்தத்தின் காரணம் அப்போதுதான் கைக்கு வருகிறது. அதே கெப்பாசிட்டரைக் கொள்ளளவு மீட்டரில் போட்டால் சில சமயம் அளவு சரியாகவே காட்டும். உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர்தான் நோயைச் சொல்லும். அந்தக் கருவியை எதற்காக வாங்க வேண்டும் என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் வந்துவிடுகிறது. கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடுவதைவிட இந்த வரிசை எவ்வளவோ மேல்.

புத்தகமும் டேட்டாஷீட்டும் எப்போது? போர்டு ஒரு கேள்வியை எழுப்பிய பிறகு. கேள்வி இல்லாமல் திறந்த டேட்டாஷீட் நாற்பது பக்க ஆங்கிலமாகத்தான் தெரியும்; தமிழ்வழியில் படித்து வந்த மெக்கானிக்குகள் பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். அதில் வாக்கியமாகப் படிக்க வேண்டியது கொஞ்சமே. முதலில் கால்களின் படம், அடுத்து உள்ளமைப்புக் கட்டப்படம், பிறகு மாதிரிச் சர்க்யூட், கடைசியாகத் தாங்கும் எல்லை அட்டவணை. மாதிரிச் சர்க்யூட்டைக் கையால் வரைந்த படத்தோடு ஒப்பிட்டால் தயாரிப்பாளர் எதை விட்டுச் சிக்கனம் பிடித்திருக்கிறார் என்பதுகூடத் தெரியும். ஒவ்வொரு டேட்டாஷீட்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஐம்பது அறுபது சொற்களை நோட்டின் பின்பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு எழுதிவைத்தால், இரண்டாவது ஐ.சி.யிலிருந்து வாசிப்பு எளிதாகிவிடும். தடிமனான நூல்களில் ஹோரோவிட்ஸும் ஹில்லும் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்' பெயர்பெற்றது. 1980-இல் முதல் பதிப்பு, 2015-இல் மூன்றாவது. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயல்வதைவிட, சொல்லடைவைப் பார்த்து வேண்டிய நாலு பக்கத்தைப் படிப்பதே மெக்கானிக்குக்கு ஏற்ற வழி.

யூடியூபில் தமிழிலேயே பழுதுபார்க்கும் காட்சிகள் ஏராளம். பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிவது போலிருக்கும். மறுநாள் மேசையில் உட்கார்ந்தால் கை ஓடாது. நோய்க்குறியைச் சொல்லி முடித்த இடத்தில் காட்சியை நிறுத்தி, இங்கே எதை அளப்பேன், என்ன வரும் என்று எழுதிவிட்டுத் தொடர்ந்து பார்த்தால் அதே பத்து நிமிடம் பாடமாக மாறுகிறது.

குறிப்பு எழுதும் விஷயத்தில் இத்தொழிலுக்கு ஒரு மூதாதை உண்டு. மைக்கேல் ஃபாரடே லண்டனில் ரீபோ என்பவரின் புத்தகக் கட்டுக் கடையில் வேலை பழகியவர். கட்டுக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையையும், ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல் நூலையும் படித்தார். படித்ததோடு விடாமல், வாங்க முடிந்த எளிய பொருட்களைக் கொண்டு சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தபோது விரிவாகக் குறிப்பெடுத்து, படங்களோடு படியெடுத்து, தாமே கட்டுக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். இன்று ஒவ்வொரு அடாப்டரின் நடுவிலும் இருக்கும் மின்மாற்றி, 1831-இல் அவர் கண்டறிந்த தூண்டல் விதியில் ஓடுகிறது. முறையான பள்ளிப்படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்த ஒருவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட படிப்பில் மூன்று அம்சங்கள் தெளிவாகத் தெரிகின்றன: படித்ததைக் கையால் செய்து பார்த்தது, கேட்டதைத் தம் சொல்லில் திரும்ப எழுதியது, எழுதியதை அதை மதிப்பிடக்கூடியவரிடம் காட்டியது.

கடை நோட்டுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். அதில் செய்ததை மட்டும் எழுதினால் அது வேலைப் பதிவேடு. எதிர்பார்த்தது, வந்தது, வித்தியாசத்துக்கு இப்போதைக்குத் தோன்றும் காரணம் என்று மூன்று பத்தி போட்டால் அது பாடநோட்டு. காரணம் பின்னால் தவறென்று தெரிந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. சிந்தனை எந்த வழியில் பிசகியது என்று காட்டும் ஆவணம் அது.

நேரம் ஒதுக்குவதில் ஒரே விதி எல்லோருக்கும் ஒத்துவராது. கடை திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பலருக்கு உதவுகிறது. இரவில் களைத்த கையோடு 325 வோல்ட்டைத் தொடுவது சரியில்லை. இடி மின்னல் மாதங்களில் அடிபட்ட செட்கள் கடையில் குவியும் என்பதால் அப்போது புதிய திட்டம் தொடங்குவதில் பயனில்லை. இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பது மிக முக்கியம். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் மாணவர்களிடம் நடத்திய சோதனை ஒன்றில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்கள் தெளிவாக முந்தினார்கள். மேசைக்கு இதைக் கொண்டுவருவது எளிது. படம் வரைந்து ஒரு வாரம் ஆனதும் வெற்றுத்தாளை எடுத்து, நோட்டையும் போர்டையும் பார்க்காமல் அதே சர்க்யூட்டை மறுபடி வரைய வேண்டும். எங்கே கை நிற்கிறதோ அங்கே புரிதல் நின்றிருக்கிறது. பெரும்பாலும் அது ஆப்டோவின் மறுபக்கமாக இருக்கும்.

தனியாகக் கற்பது என்றால் யாரையும் கேட்காமல் கற்பது என்று சிலர் வைராக்கியம் கொள்கிறார்கள். அது காலவிரயம். கேட்கும் விதம்தான் முக்கியம். 'அண்ணே, இது ஓட மாட்டேங்குது, என்ன பண்றது?' என்று மூத்த மெக்கானிக்கிடம் போனால், 'அந்த ஐ.சி.ய மாத்திப் பாருப்பா' என்ற பதில்தான் வரும். அவருக்கும் வேலை இருக்கிறது. 'அண்ணே, ஐ.சி.க்கு 14 வோல்ட் வருது, ரெண்டு விநாடில 8-க்கு எறங்கிடுது, ஸ்டார்ட் ரெசிஸ்டர் நல்லாருக்கு' என்று போனால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அளவுகளோடு வரும் கேள்விக்கு இத்தொழிலில் மரியாதை உண்டு. கடையில் வேலை பழகும் பையனுக்குத் தான் கற்றதைச் சொல்லிக்கொடுப்பதும் அதே அளவு பயன் தரும். அவன் கேட்கும் முதல் 'ஏன்ணே?'-வுக்குப் பதில் வராவிட்டால் நோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு திட்டம் முடிந்ததும் அடுத்ததை எங்கே எடுப்பது? கற்றதில் ஒரு பகுதி அங்கும் உதவ வேண்டும், இன்னொரு பகுதி முற்றிலும் புதிதாக இருக்க வேண்டும். அடாப்டரை முடித்தவருக்கு பி.எல்.டி.சி. ஃபேன் இந்தக் காலத்துக்கு மிகப் பொருத்தமானது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடுகிறது. வீடுகளில் வேகமாகப் பரவிவருகிறது. பழுதானால் போர்டை முழுதாக மாற்றச் சொல்வதே வழக்கமாகியிருக்கிறது. அந்த போர்டின் முன்பாதி நாம் முடித்த எஸ்.எம்.பி.எஸ். பின்பாதியில் மைக்ரோகன்ட்ரோலரும், ஆறு மாஸ்ஃபெட்களும், மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களும் இருக்கின்றன. அங்கே கேள்வி: மூன்று ஒயரில் எந்த நேரத்தில் எதற்கு மின்சாரம் என்று போர்டுக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கும் போர்டைத் தொடாமலே தொடங்கலாம். மூன்று ஒயரில் இரண்டிரண்டாக எடுத்துத் தடையை அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இரண்டு ஒயரில் மாட்டி, ஃபேனைக் கையால் சுழற்றினால் மீட்டர் மின்னழுத்தம் காட்டுகிறது. சுழலியில் இருக்கும் நிலைக்காந்தங்கள் மோட்டாரை ஜெனரேட்டராக்கிவிட்டன. அந்த இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டுச் சுழற்றினால் ஃபேன் கையை எதிர்த்து நிற்கிறது. சென்சார் இல்லாத மாடல்களில், சுழலும்போது திரும்பிவரும் இதே மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் போர்டு சுழலியின் நிலையை ஊகிக்கிறது. கருவி எதுவும் புதிதாக வாங்காமல், மின்சாரமும் கொடுக்காமல், கேள்வியின் பாதிக்கு விடை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஆஸிலோஸ்கோப் வேண்டும். அது சொந்தமாக இல்லாதவர், அளவெடுக்க வேண்டிய புள்ளிகளையும் அங்கே எதிர்பார்க்கும் அலைவடிவங்களையும் முன்னதாக வரைந்து வைத்துக்கொண்டு, தெரிந்த கடையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ ஒரு பிற்பகல் கேட்டு வாங்கலாம். அந்த இரவல் நேரத்தில் ஒன்றைமட்டும் மறக்கக் கூடாது: ஸ்கோப்பின் தரைக் கிளிப் மின்தரையோடு இணைந்தது, ஹாட் பக்கத்தில் மாட்டினால் ஷார்ட் ஆகும். ஃபேன் போர்டுகள் பலவற்றில் ஹாட், கோல்டு என்ற பிரிவே இருப்பதில்லை. பின்பாதியும் மின்சாரத்தோடு நேராகத் தொடர்பு கொண்டிருக்கும். பிரிப்பு மின்மாற்றி வழியாக போர்டுக்கு மின்சாரம் கொடுத்து அளக்க வேண்டும்.

எல்லாத் திட்டமும் முடிவுவரை போவதில்லை. எண்களை அழித்துவிட்ட ஐ.சி., எபாக்சி ஊற்றி மூடிய போர்டு, மென்பொருள் உள்ளே பூட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை தனி ஆளின் முயற்சிக்குப் பிடிகொடுக்காதவை. தொடர்ந்து மூன்று நான்கு அமர்வுகளில் நோட்டின் 'எதிர்பார்த்தது' பத்தியில் கேள்விக்குறிகள் குறையவே இல்லையென்றால், தேர்ந்த பொருள் தவறு என்று கொண்டு அதே கேள்விக்கு வேறு கம்பெனியின் போர்டை எடுப்பது நல்லது. முடிந்த திட்டத்திலிருந்து மூன்று பொருட்கள் கடைக்குத் திரும்ப வேண்டும்: சரியாக ஓடும் போர்டின் மின்னழுத்த அட்டவணை, கெடுத்துப் பார்த்தபோது கண்ட நோய்க்குறிகளின் பட்டியல், கையால் வரைந்த மூன்றாவது சர்க்யூட் படம். மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டால், அதே வகைப் போர்டு அடுத்து வரும்போது பையனே பாதி வேலையை முடித்துவிடுவான். பிரித்த போர்டின் நல்ல உறுப்புகள் டப்பாவுக்குப் போகும். ஓடுகிற ஒன்றை மட்டும் அடுத்த ஆண்டு மறுபடி வரைந்து பார்க்க எடுத்து வைக்க வேண்டும்.